மூன்றாம் கொட்டகையின் தூக்கம்

அவள்: "எல்லாரும் தூங்கிட்டா, அப்புறம் சேதி சொல்றது யாரு?" இப்படி ஒருத்தர் என்னை ஒருநாள் கேட்டாரு. ஞாபகம் இருக்கா?

அவன்: இப்ப எதுக்கு அது?

அவள்: இருக்கா, இல்லையா?

அவன்: யாரு கேட்டா?

அவள்: வேற யாரு, ஐயா நீங்கதான். இதே ரூம்ல, இதே ஜன்னல்கிட்ட நின்னுகிட்டு. நமக்கு அப்ப கல்யாணம்கூட ஆகலை.

அவன்: ஓ…

அவள்: "ஓ"வாம்! அந்தக் கேள்விலதான் என் தலையெழுத்தே மாறுச்சு. அதுக்கு ஒரு "ஓ".

அவன்: இங்க பாரு. எட்டாம் கொட்டகை நாத்து மொத்தமும் நேத்து வெந்து போச்சு. எப்படி, ஏன்னு கேட்டு முதலாளி என் கழுத்து மேல உக்காந்திருக்காரு. நீ பேக்கிங்கை விட்டுட்டு வந்து பழங்கதை பேசற.

அவள்: டேப்பு எடுக்க வந்தேன்.

அவன்: பேக்கிங்ல டேப்பு இல்லையா?

அவள்: இருக்கு. நல்லா ஒட்டற டேப்பு இங்கதான் இருக்கு.

அவன்: அலமாரில, ரெண்டாவது தட்டுல. எடுத்துட்டுக் கெளம்பு.

அவள்: எடுத்துக்கறேன், என்ன அவசரம்… கண்டுபிடிச்சாச்சா?

அவன்: எதை?

அவள்: சூடு ஏறுதுன்னு சேதி நாத்து வெந்ததுக்கு அப்புறம் வந்துச்சே, அது ஏன்னு.

அவன்: பார்த்துகிட்டு இருக்கேன்… ஏய், அந்த நாற்காலில உக்காராதே.

அவள்: ஏன்? என் நாற்காலிதானே இது?

அவன்: அவ இன்னும் சாமானை எடுக்கலை.

அவள்: எவ்வளவு உசரத்துல வச்சிருக்கா பாருங்க! கால் அந்தரத்துல தொங்குது. ஒட்டகச்சிவிங்கி.

அவன்: உனக்கு எறக்கத் தெரியும். கீழ பிடி இருக்கு.

அவள்: எதுக்கு எறக்கணும்? பாப்பா பொறந்து ரெண்டு மாசம் வீட்ல இருந்துட்டு வந்தேன். வந்து பார்த்தா நாற்காலி ஏறியிருந்துச்சு, நான் எறங்கியிருந்தேன். பேக்கிங்குக்கு.

அவன்: அது முதலாளி முடிவு. புருஷன் பொண்டாட்டி ஒரே ரூம்ல வேணாம்னாரு.

அவள்: கண்ணாடிக்காரியும் நீங்களும் ஒரே ரூம்ல இருந்தா பரவாயில்லையாமா?

அவன்: கண்ணாடிக்காரின்னு சொல்லாதேன்னு எத்தனை தடவை…

அவள்: கண்ணாடி போட்டிருக்கா. நான் என்ன பொய்யா சொல்றேன்?

அவன்: நீயும்தான் போடற.

அவள்: நான் படிக்கறப்ப மட்டும்தான். அவ மாதிரி நெத்தி மேல ஏத்தி விட்டுகிட்டு… அடிக்கடி முடியை ஒதுக்கிகிட்டு…

அவன்: ஆரம்பிச்சுட்டியா?

அவள்: பேக்கிங் ஜன்னல்ல நின்னா இந்த ரூம் அப்படியே தெரியும். தெரியுமா உங்களுக்கு?

அவன்: தெரியாது.

அவள்: தெரிஞ்சிருந்தா திரை போட்டிருப்பீங்க.

அவன்: வெயில் மூஞ்சில அடிக்குது, திரை வேணும்னு நான் எப்பவோ கேட்டாச்சு.

அவள்: பார்த்தீங்களா! பார்த்தீங்களா! வாயில இருந்தே வருது.

அவன்: வெயிலுக்குடி!

அவள்: ரெண்டு தலை, ஒரு ஸ்க்ரீன். நடுவுல ஒரு கையளவு எடம் இருக்குமா? அவ ஏதோ சொல்லுவா, நீங்க தலையாட்டுவீங்க. அவ சிரிப்பா, நீங்க… வீட்ல நீங்க கடைசியா எப்ப சிரிச்சீங்க?

அவன்: அசதி. வீட்டுக்கு வந்தா அசந்துடறேன்.

அவள்: வாயைத் திறந்தா உங்களுக்கும் பேட்டரி தீர்ந்துருமோ? ஒரு வாரத்துச் சேதி எல்லாத்தையும் மூட்டை கட்டி வச்சு, லீவு நாள்ல "ஆமா, மறந்தே போச்சு"ன்னு அவுத்து விடறீங்க. எனக்கு எல்லாமே லேட்டுதான்.

அவன்: இப்ப உனக்கு என்ன வேணும்? அவ போறா. வண்டி வாசல்ல நிக்குது. வேலை போச்சு அவளுக்கு. இன்னும் என்ன?

அவள்: …எனக்கு ஒண்ணும் வேணாம். சும்மா கேட்டேன்.

அவன்: சந்தோஷமா?

அவள்: எனக்கு எதுக்கு சந்தோஷம்? நான் டேப்பு எடுக்க வந்தேன்.

அவன்: மூஞ்சியைப் பார்த்தா அப்படித் தெரியலை.

அவள்: என் மூஞ்சியை நீங்க பார்த்தே நாளாச்சு. அதை விடுங்க. எங்க நின்னுச்சாம் சேதி?

அவன்: எட்டுல ஃபேன் நின்னுருச்சு. பிளாஸ்டிக் கொட்டகை, உச்சி வெயில். சூடு ஏறின உடனே, சூட்டை அளக்க அங்க மாட்டின எட்டாவது பெட்டி ஸ்க்ரீனுக்குச் சேதி அனுப்பிருச்சு. அதுல தப்பில்ல. ஏழு வாங்கி ஆறுக்குக் குடுத்துச்சு, ஆறு அஞ்சுக்கு…

அவள்: எனக்கே பாடமா?

அவன்: நீதானே கேட்ட?

அவள்: கொட்டகைக்குக் கொட்டகை கைமாத்தி விடணும்னு சொல்லிக் குடுத்ததே நான். கட்டடத்துல செங்கல் கைமாத்தற மாதிரி.

அவன்: ஆமா, நீதான்.

அவள்: சத்தமா சொல்லுங்க.

அவன்: நீதான், தாயே!

அவள்: இதை நேத்து நம்ம பெட்டிங்களைப் பார்க்க வந்த விசிட்டருங்க முன்னாடி சொல்லியிருக்கணும்.

அவன்: பேசினது அவ. நான் ஓரமா நின்னுகிட்டு இருந்தேன்.

அவள்: ஓரமா நின்னீங்க. நான் அதைவிட ஓரமா, தண்ணி கேனுக்குப் பின்னாடி நின்னேன். என் யோசனையை அவ வாயால கேட்டுகிட்டு.

அவன்: யோசனை ஒருத்தரோடதா இருக்கும். அதை எட்டுக் கொட்டகைலயும் ஓட வைக்கறது வேற வேலை.

அவள்: ஓ, அப்ப அவளோடதுன்னே வச்சுக்கலாம்?

அவன்: நான் அப்படிச் சொல்லலை…

அவள்: பெட்டிங்க எல்லாம் முழிச்சே இருந்தா சேதி சிட்டாப் பறக்கும், ஆனா பேட்டரி செத்துரும். அப்புறம் ஏணியைத் தூக்கிகிட்டு கொட்டகை கொட்டகையா ஏறணும். தூங்கிகிட்டே இருந்தா பேட்டரி நிக்கும், ஆனா சேதியும் சேர்ந்து நின்னுடும். ரெண்டுக்கும் நடுவுல நீங்க தலையைப் பிச்சுகிட்டு இருந்தீங்க. அப்ப கேட்டதுதான் அந்தக் கேள்வி. நான் என்ன சொன்னேன்?

அவன்: "எல்லாரும் தூங்கட்டும், ஒருத்தன் கையை நீட்டற நேரத்துக்கு அடுத்தவன் மட்டும் முழிச்சா போதும்"னே.

அவள்: …வார்த்தை மாறாம ஞாபகம் வச்சிருக்கீங்களே.

அவன்: அன்னைக்கு ராத்திரியே எங்க அம்மாகிட்ட சொல்லிட்டேன்.

அவள்: என்னன்னு?

அவன்: கட்டினா இந்தப் பொண்ணைத்தான் கட்டுவேன்னு.

அவள்: …இதை இவ்வளவு நாள் கழிச்சா சொல்றது! பார்த்தீங்களா, இதுவும் லேட்டு.

அவன்: சொன்னேனே. சொல்லலையா?

அவள்: இல்ல. சொல்லியிருந்தா… விடுங்க. அப்ப நாலு வரைக்கும் சேதி சரியா வந்திருக்கு?

அவன்: நாலு வரைக்கும் வந்திருக்கு.

அவள்: மூணு?

அவன்: மூணு தூங்கிகிட்டு இருந்திருக்கு.

அவள்: பேட்டரி செத்துருச்சா?

அவன்: பேட்டரி நல்லாத்தான் இருக்கு.

அவள்: பல்லி கில்லி…

அவன்: பல்லி போய் நேரத்தை மாத்தி வைக்குமா?

அவள்: நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். எரிஞ்சு விழறீங்க.

கண்ணாடிக்காரி: உள்ள வரலாமா, சார்?

அவன்: வா வா. இது உன் ரூம்தானே.

கண்ணாடிக்காரி: இனிமே இல்ல, சார்… அக்கா, நீங்களும் இங்கதான் இருக்கீங்களா?

அவள்: டேப்பு எடுக்க வந்தேன்.

கண்ணாடிக்காரி: உக்காருங்க, எந்திரிக்காதீங்க. நாற்காலி உங்களுக்கு உசரமா இருக்குமே. அடில ஒரு பிடி இருக்கு, அதை…

அவள்: தெரியும். நானும் உக்காந்த நாற்காலிதான்.

கண்ணாடிக்காரி: ஆமா இல்ல. சாரி, அக்கா. எனக்கு எல்லாத்தையும் விளக்கிச் சொல்ற வியாதி. எங்க வீட்லயும் திட்டுவாங்க… என் தண்ணி பாட்டிலும் குடையும் மட்டும்தான். டிரைவர் ஹாரனை அமுக்கிகிட்டே இருக்காரு.

அவன்: குடை கதவுக்குப் பின்னாடி.

கண்ணாடிக்காரி: சார்… ஒண்ணு கேக்கலாமா?

அவன்: கேளு.

கண்ணாடிக்காரி: மூணாவது பெட்டியை நான் கடைசி நேரத்துல நோண்டினேன்னு முதலாளி சொல்றாரு. யாரு அவர்கிட்ட சொன்னாங்கன்னு தெரியலை.

அவன்: அவரு… எதையாவது சொல்லுவாரு. கோவத்துல.

கண்ணாடிக்காரி: நான் தொட்டதா ஞாபகமே இல்ல, சார்.

அவன்: ம்.

கண்ணாடிக்காரி: ஆனா ரெண்டு நாளா கண்ணை மூடலை நான். அப்படி இருக்கறப்ப கை பாட்டுக்கு என்னமாவது பண்ணியிருக்கும். பண்ணியிருப்பேன். வேற யாரு அதுல கை வைக்கப் போறாங்க? உங்களுக்கு என்ன தலையெழுத்தா? எட்டாம் கொட்டகை அக்காவைப் பார்க்கப் போனேன். ஒரு வார்த்தை திட்டலை. கருகின தட்டை ஒண்ணொண்ணாக் கவுத்துகிட்டு இருந்தாங்க. விதைல இருந்து வளர்த்தவங்க… திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அவள்: தண்ணி குடிக்கறியாம்மா?

கண்ணாடிக்காரி: பாட்டில்ல இருக்கு, அக்கா.

அவள்: கேன்ல பிடிச்சு ஊத்தித் தரவா… சூடா இருக்குமே அது.

கண்ணாடிக்காரி: பரவாயில்ல. அக்கா, உங்ககிட்டயும் ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?

அவள்: சொல்லு.

கண்ணாடிக்காரி: நேத்து நான் காட்டின படங்கள்ல கடைசி உங்களோடது.

அவள்: எது?

கண்ணாடிக்காரி: உங்க போட்டோ. "வரிசையா முழிக்கற இந்த யோசனை இவங்களோடது"ன்னு கீழ எழுதியிருந்தேன். அந்தப் படத்துக்கு வர்றதுக்குள்ள எட்டாம் கொட்டகைல இருந்து ஆள் ஓடி வந்துட்டாங்க.

அவள்: என் போட்டோவா? எந்தப் போட்டோ?

கண்ணாடிக்காரி: போன வருஷம் கூட்டத்துல எடுத்தது. நீங்க கண்ணை மூடியிருப்பீங்க.

அவள்: ஐயையோ, அதையா! வேற நல்லதே கெடைக்கலையா உனக்கு?

கண்ணாடிக்காரி: தூங்கற பெட்டிக்குத் தூங்கற படம்னு வச்சேன். விசிட்டருங்க சிரிப்பாங்கன்னு… உங்க செங்கல் உதாரணமும் கொஞ்சம் சின்னப்புள்ளத்தனமா இருக்கு, மாத்திரலாம்னு பார்த்தேன். ஒரு வாரம் யோசிச்சேன். அதைவிட நல்லதா ஒண்ணும் அமையலை.

அவள்: …இதை நீ என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே, பொண்ணே.

கண்ணாடிக்காரி: திடீர்னு பார்த்தா சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சேன். சார், உங்களுக்கும் என் மேல ஏதோ வருத்தம்னு தெரியும். ஒரு வாரமா என்கூட நீங்க சரியாவே பேசலை. நான் ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சிருங்க.

அவன்: அதெல்லாம் ஒண்ணுமில்ல. வேலை டென்ஷன்.

அவள்: ஒரு வாரமா பேசலையா? இவரா?

கண்ணாடிக்காரி: "ம்", "சரி", அவ்வளவுதான். நான்தான் லொடலொடன்னு பேசிகிட்டு இருப்பேன்… அடிச்சுட்டாரு பாருங்க மறுபடியும் ஹாரன். வர்றேன், அக்கா. பாப்பாவைக் கேட்டதா சொல்லுங்க.

அவள்: இரு… ஊர்ல போய் என்ன பண்ணுவே?

கண்ணாடிக்காரி: தெரியலை. சம்பளம் வருதுன்னு அப்பாவை வேலைக்குப் போக வேணாம்னு சொல்லியிருந்தேன். இப்ப மறுபடியும் போகச் சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னுதான்… வர்றேன், சார்.

அவன்: பார்த்துப் போ.

அவள்: அவளை நிறுத்துங்க.

அவன்: எதுக்கு?

அவள்: நிறுத்துங்கன்னா நிறுத்துங்க! வாட்ச்மேனுக்குப் போன் போட்டு வண்டியைப் பிடிச்சு வைக்கச் சொல்லுங்க.

அவன்: டிரைவர் டீ குடிக்காம கெளம்ப மாட்டான். ஹாரன் அடிக்கறது சும்மா. நீ உக்காரு. என்ன ஆச்சு உனக்கு? வேர்த்துக் கொட்டுது.

அவள்: அவ தொடலை.

அவன்: எதை?

அவள்: மூணாவது பெட்டியை அவ தொடலைங்க. நான்… 

அவன்: மெதுவாப் பேசு.

அவள்: நான்தான் தொட்டேன். நேத்து காலைல, விசிட்டருங்க வர்றதுக்கு முன்னாடி. பேக்கிங் கம்ப்யூட்டர்ல இருந்தே. ஏணிகூட வேண்டியதில்ல. என் பழைய பாஸ்வேர்டை நீங்க மாத்தவே இல்ல.

அவன்: …மாத்தணும்னு தோணலை.

அவள்: மூணாவது பெட்டி கண்ணை மூடற நேரத்தை இம்மியளவு முன்னாடி தள்ளி வச்சேன். அவ்வளவுதான். நாலு கையை நீட்டும், மூணு அப்பதான் தூங்கப் போயிருக்கும். சரின்னு நாலு அடுத்த சுத்து வரைக்கும் காத்திருக்கும். அடுத்த சுத்துலயும் அதே கதை.

அவன்: அப்ப சேதி வரவே வராதே.

அவள்: அப்பப்ப பெட்டிங்க எல்லாம் ஒண்ணு சேர்ந்து நேரம் சரிபார்த்துக்குமே, அதுல தானா சரியாயிரும்னு நெனச்சேன். அதுவரைக்கும் ஸ்க்ரீன்ல பழைய கணக்கு நிக்கும். அவ திருதிருன்னு முழிப்பா. விசிட்டருங்க கொட்டாவி விடுவாங்க. பெரிய மேதாவி மாதிரி நெத்தில கண்ணாடியை ஏத்தி வச்சுகிட்டு ரெண்டு நிமிஷம் அசிங்கப்படட்டும்னு… அதுக்குத்தான். சத்தியமா அதுக்கு மட்டும்தான்.

அவன்: ஃபேன் நின்னது?

அவள்: ஃபேன் நிக்கும்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்? எட்டுல ஆள் இருந்திருந்தா கையால கதவைத் திறந்து விட்டிருப்பாங்க. அந்த அக்காவைக் கைதட்டறதுக்குன்னு கூட்டிட்டு வந்து முன் வரிசைல உக்கார வச்சுட்டாங்க… ஸ்க்ரீன்ல எட்டு குளுகுளுன்னு இருந்துச்சு. எல்லாரும் தட்டினாங்க. நானும் தட்டினேன்.

அவன்: அழாதே.

அவள்: நான் அழலை. அவ போட்டோ வச்சிருக்காளாம். கண்ணை மூடின போட்டோ! பாவி, அதை ஒரு நாள் முன்னாடி சொல்லித் தொலைச்சிருந்தா என்ன? எல்லாரும் எல்லாத்தையும் என்கிட்ட கடைசில சொல்லுங்க!

அவன்: மூஞ்சியைத் துடை. யாராவது வருவாங்க.

அவள்: நீங்க ஏன் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க? கோவமா ரெண்டு வார்த்தை… ஏன் இப்படி மரம் மாதிரி நிக்கறீங்க?

அவன்: தெரியும்.

அவள்: என்ன தெரியும்?

அவன்: நீதான்னு தெரியும்.

அவள்: …எப்படி?

அவன்: அந்தப் பெட்டிக்குள்ள போக வழி தெரிஞ்சவங்க மூணு பேரு. நான் பண்ணலை. அவ தன் தலைல தானே கல்லைத் தூக்கிப் போட்டுக்குவாளா? மிச்சம் யாரு?

அவள்: அப்ப… இவ்வளவு நேரம் ஏழு வாங்குச்சு, ஆறு வாங்குச்சுன்னு கதை சொன்னது?

அவன்: நீயா சொல்றியான்னு பார்த்தேன்.

அவள்: அவ கடைசி நேரத்துல நோண்டினான்னு முதலாளிகிட்ட சொன்னது…

அவன்: நான்தான்.

அவள்: ஐயோ…

அவன்: வேற என்ன பண்ணச் சொல்றே? உன் பேரைச் சொல்லட்டுமா?

அவள்: எனக்காகவா? எனக்காகவா அப்படிச் சொன்னீங்க? நான் உங்களை என்னென்னமோ நெனச்சேன். ஜன்னல்ல நின்னு நின்னு… அவ சிரிக்கறப்பல்லாம் என் வயிறு எரியும். நீங்க என்னடான்னா, என்னைக் காப்பாத்தறதுக்குப் போய் ஒரு பாவமும் அறியாத பொண்ணு மேல… தப்புங்க. ரொம்பத் தப்பு. ஆனா… என் மேல அவ்வளவு இருக்கா உங்களுக்கு?

அவன்: அதை விடு இப்ப.

அவள்: இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிருவீங்க? சரி, சொல்ல வேணாம். எந்திரிங்க. முதலாளிகிட்ட ரெண்டு பேரும் சேர்ந்து போவோம். நான் பண்ணினதை நான் சொல்லிக்கறேன். பொண்டாட்டியைக் காப்பாத்தப் பொய் சொன்னாருன்னு உங்களை மன்னிச்சு விட்டுருவாரு. அவளையும் வண்டில இருந்து எறக்கிரலாம்.

அவன்: வேணாம்.

அவள்: ஏன் வேணாம்?

அவன்: வேணாம்னா விடு.

அவள்: என் வேலை போகும், அவ்வளவுதானே? போகட்டும். டேப்பு ஒட்டற வேலை எங்க போனாலும் கெடைக்கும்.

அவன்: அது இல்ல…

அவள்: பின்ன எது? என்னைப் பாருங்க. ஸ்க்ரீனைப் பார்க்காதீங்க, அதுல ஒண்ணுமில்ல. என்னைப் பாருங்க.

அவன்: முதலாளி கேப்பாரு.

அவள்: என்ன கேப்பாரு?

அவன்: விசிட்டருங்க வர்றதுக்கு முன்னாடி எட்டுக் கொட்டகையையும் சரிபார்க்கச் சொல்லியிருந்தேனே, பார்த்தியான்னு கேப்பாரு.

அவள்: பார்த்தீங்களா? நேத்து காலைல மூணாவது பெட்டியைப் பார்த்தீங்களா?

அவன்: பார்த்தேன்.

அவள்: நான் மாத்தறதுக்கு முன்னாடியா… மாத்தினதுக்கு அப்புறமா?

அவன்: அப்புறம்தான்.

அவள்: …அப்ப சரி பண்ணியிருக்கலாமே. ஒரு தட்டு தட்டினா போதுமே. ஏன் பண்ணலை? நான் பண்ணினேன்னு தெரியாம இருந்தாலும்… ஏன்? வாயைத் திற! நீ ஏன் அதை அப்படியே விட்டே?

அவன்: என்ன, "நீ"ங்கறே… சரி, சொல்றேன், கேட்டுக்கோ. புதுசா ஆரம்பிக்கப் போற எடத்துக்கு மொத்தப் பொறுப்பும் அவளுக்குத்தான்னு முதலாளி ஒரு வாரம் முன்னாடியே என்கிட்ட சொல்லிட்டாரு. எனக்கு இல்ல. நேத்து வந்த பொண்ணு, எனக்கு மேல. "நீங்க அவங்களுக்குக் கூட இருந்து ஒத்தாசை பண்ணுங்க"ன்னு என் தோளைத் தட்டறாரு. நீ ஜன்னல்ல நின்னு எரிஞ்சே. நான் பக்கத்துலயே உக்காந்து எரிஞ்சுகிட்டு இருந்தேன். வயிறு உனக்கு மட்டும்தானா இருக்கு? காலைல மூணாவது பெட்டியைப் பார்த்தேன். உன் கைவேலைன்னு பார்த்த உடனே தெரிஞ்சுது. நல்லதாப் போச்சுன்னு ஸ்க்ரீனை மூடிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். உன்னைக் காப்பாத்தறதுக்குன்னு நான் யாரு மேலயும் பழி போடலை. உன் பேரு வெளிய வந்தா, அடுத்தது என் பேரு வரும். அதுக்குத்தான்… சொல்லிட்டேன். போதுமா?… ஏய். எங்க எந்திரிச்சுட்டே?… பேக்கிங் அந்தப் பக்கம். வாசலுக்கு ஏன் போறே?… இங்க பாரு, பாப்பாவை நெனச்சுப் பாரு… நில்லு… ஓடாதே, எல்லாரும் பார்க்கறாங்க… அடியே, என்னைத் திட்டிட்டாவது போ!